சூட்சுமம் மையில்

சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கும்போது நாம் மீட்டரைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அது வெறும் கணக்குப்பிள்ளை. வேலை முழுவதும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஸ்ட்ரிப்பில் நடக்கிறது. அந்த ஸ்ட்ரிப்பையோ அச்சடித்தே செய்துவிடுகிறார்கள்!

கல்யாணப் பத்திரிகைக்கும் பனியனுக்கும் செய்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். பிளாஸ்டிக் தாள்மேல் வலையை வைத்து, கிராஃபைட் கலந்த கார்பன் மையை ரப்பர் பட்டையால் இழுத்தால் மின்முனை தயார். பக்கத்தில் வெள்ளி, வெள்ளி குளோரைடு கலந்த மையால் இன்னொன்று. உலர்ந்ததும் மேலே நொதி.

அஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை தரும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி, சர்க்கரை மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் 2 எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும். அங்கேதான் சிக்கல். ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைந்தால் அளவும் தடுமாறும். 1984-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைத் தூதுவிட்டார்கள். அது எலக்ட்ரான்களை நேராகக் கார்பனிடம் சேர்த்தது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். 1987-ல் பேனா அளவுக் கருவியாகவே கடைக்கு வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், வேதியியலைவிட அச்சுத்தான் கடினம். மின்முனையின் பரப்பு சற்று மாறினாலும் மின்னோட்டம் மாறிவிடும். கோடிக்கணக்கான ஸ்ட்ரிப்புகளும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். பழைய மீட்டர்களில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு எண்ணைப் பதியச் சொன்னார்களே, தொகுதிக்குத் தொகுதி இருந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான்.

நொதியும் ஏமாறும். சிலவகை ஸ்ட்ரிப்புகளில் இருந்த வேறொரு நொதி மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிக்கொண்டது. ஒருவகை டயாலிசிஸ் திரவம் உடலுக்குள் மால்டோஸாகச் சிதையும். அந்த நோயாளிகளுக்குச் சர்க்கரை பொய்யாக ஏறித் தெரிய, தேவையில்லாத இன்சுலின் போட்டுச் சிலர் இறந்தே போனார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் எச்சரித்தது.

இதே அச்சு மின்முனையால் பூச்சிமருந்தையும் ஈயத்தையும் பிடிக்கலாம். ஆனால் லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 1 கிராம் இருக்கிறது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவோ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அந்தச் சர்க்கரையில் லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் எதிர்மின்னழுத்தம் கொடுத்து நீரிலுள்ள ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மின்முனையில் படியவைத்து, பிறகு மொத்தமாகக் கரைத்து அளக்கிறார்கள். முன்பு இதற்குப் பாதரசப் பூச்சு தேவைப்பட்டது. ஒரு நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சு! இப்போது பிஸ்மத் அந்த வேலையைச் செய்கிறது.