கோபுரம் தெரியும், நூலகம் தெரியுமா?

சர்ச்கேட் நிலையத்தில் இறங்கி, ஓவல் மைதானத்தைக் கடந்து ஆபீசுக்கு விரையும் நம்மவர்கள் ராஜாபாய் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. ஆனால் அந்த மணிக்கூண்டைத் தாங்கி நிற்பது மும்பைப் பல்கலைக் கழகத்தின் பழைய நூலகம் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

இதன் கதை பருத்தியில் தொடங்குகிறது. 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து பருத்தி வருவது தடைப்படவே, பம்பாய்ச் சந்தையில் பணம் கொழித்தது. அப்படிக் கொழித்தவர்களில் ஒருவர் பிரேம்சந்த் ராய்சந்த். நூலகத்துக்கு 2 லட்சம் ரூபாயும், தம் தாயார் ராஜாபாய் பெயரில் கோபுரத்துக்கு 2 லட்சமும் வழங்கினார். 1865ல் போர் ஓய்ந்தது. பருத்தி விலை விழுந்தது. அவர் செல்வமும் கரைந்தது. கொடுத்தது மட்டும் கல்லாக நின்றுவிட்டது!

கட்டடத்துக்குப் படம் வரைந்த சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் பம்பாயைக் கண்ணால் கண்டதே இல்லை. லண்டனிலிருந்தே வரைந்து அனுப்பினார். 1869ல் தொடங்கிய வேலை 1878ல் முடிந்தது. கோபுரத்தின் உயரம் 280 அடி.

பழுதும் பரிகாரமும்

கடற்காற்றின் உப்பும் நம் ஊர் மழையும் கல்லையும் விடுவதில்லை. பழைய கட்டடத்தில் விரிசல் கண்டால் சிமெண்டைப் பூசி அடைப்பது பலரது வழக்கம். அங்கேதான் தவறு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்டோ உள்ளேயே அடைத்துக் கல்லை அரித்துவிடும். எனவே பழையதைப் பழைய முறையிலேயே செப்பனிட வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இரண்டும் இங்கே வாய்த்தன. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 4 கோடி ரூபாய் உதவ, கட்டடக் கலைஞர் பிருந்தா சோமயா முன்னின்று நடத்திய திருப்பணி 2015ல் நிறைவேறியது. 2018ல் ஓவல் மைதானச் சுற்றுப்புறமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

புத்தகங்கள் பெருகினால் என் செய்வது? இத்தகைய கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி எழுப்ப முடியாது. கலீனா வளாகத்தில் ஜவாஹர்லால் நேரு நூலகம் எழுந்தது. பழைய வீட்டை இடிக்காமல் பிள்ளைக்குத் தனி வீடு கட்டிக்கொடுத்த கதைதான்.

கல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் வாசகர் வராத நூலகம் வெறும் காட்சிக்கூடம். அடுத்த முறை மணியோசை கேட்கும்போது, கல்லூரிக்குப் போகும் உங்கள் பிள்ளையிடம் கோபுரத்தை மட்டும் காட்டாதீர்கள். அதன் கீழுள்ள வாசற்படியையும் காட்டுங்கள்.