லிங்க்ஸ் கோல்ஃப் திடல்

லிங்க்ஸ் என்பது கடற்கரைக்கும் உள்நாட்டு விளைநிலத்துக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் அமைந்த கோல்ஃப் (குழிப்பந்தாட்ட) திடல் ஆகும். இது ஸ்காட்லாந்தில் தோன்றியது. இங்கு மரங்கள் அரிது. எனவே உயர அடித்த பந்தைக் கடற்காற்று திசைமாற்றிவிடும். மணற்பாங்கான தரையில் நீர் தேங்காது. இறுகிய அத்தரையில் விழுந்த பந்து நெடுந்தூரம் உருண்டு, 'பங்கர்' எனப்படும் மணற்பள்ளங்களில் சிக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பங்கர்கள் உள்ளன. செங்குத்தான பள்ளத்திலிருந்து சிலவேளை பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் பந்தை வெளியேற்ற இயலும்.

ஆகவே பந்தைத் தாழ அடித்து, தரையில் உருளவிடுவதே ஏற்ற உத்தி. வலிமையைவிடக் காற்றைக் கணிக்கும் பொறுமையே இங்குப் பயன்தரும். இங்கிலாந்தின் ராயல் லிவர்பூல் லிங்க்ஸ் திடலில் 2023-இல் நடந்த ஓப்பன் போட்டியில் சுபங்கர் சர்மா எட்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அப்போட்டியில் அதுவரை எந்த இந்தியரும் அந்நிலையை எட்டியதில்லை.