பழைய கணினி இயங்க மறுத்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

வீடுகளிலும் சிறு வர்த்தக நிலையங்களிலும் பாடசாலைகளிலும் பத்து, பதினைந்து வருடங்களாகப் பயன்படுத்தப்பட்டுவரும் மேசைக் கணினிகள் நம்மத்தியில் இன்றும் ஏராளமாக உள்ளன. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, சுமார் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியதையடுத்து, புதிய கணினி என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே, பழைய கணினியைப் பேணிக்கொள்வது பலருக்கு விருப்பமல்ல, தேவையாகும்.

இத்தகைய கணினி ஒருநாள் திடீரென இயங்க மறுக்கும்போது, அதனைத் திருத்துமிடத்துக்குத் தூக்கிச் செல்வதே வழமை. அங்கு பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை 'போமட்' செய்யுங்கள் அல்லது புதிதாக வாங்குங்கள் என்பதாகும். இரண்டுமே அவசர முடிவுகள். கடையின் கடன் கணக்கு, பள்ளிவாசல் நிருவாகத்தின் அல்லது ஆலய பரிபாலன சபையின் பதிவேடுகள், மறைந்துபோன உறவினரின் புகைப்படங்கள் என்பன அந்த வன்தட்டில் மட்டுமே இருக்கக்கூடும். சில நூறு ரூபா பெறுமதியான உதிரிப்பாகத்தின் பழுதுக்காக அவற்றை அழித்துவிடுவது ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

கணினி ஆரம்பிப்பதில் நான்கு கட்டங்கள் உள்ளன. முதலில் மின்வழங்கி 230 வோல்ற் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ற் அளவுகளுக்கு மாற்றித் தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. அடுத்து, தாய்ப்பலகையிலுள்ள 'பயோஸ்' எனும் நிரல், நினைவகம், திரைக்குரிய அட்டை போன்றவற்றைச் சோதிக்கின்றது. மூன்றாவதாக, அது வன்தட்டின் முதலாவது 512 பைட் பகுதியை வாசிக்கின்றது. இறுதியாகவே விண்டோஸ் போன்ற இயங்குதளம் எழுகின்றது. கணினி எந்தக் கட்டத்தில் நிற்கின்றது என்பதை அறிந்தால் பழுதில் பாதி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது எனலாம்.

பொத்தானை அழுத்தியும் ஒளியோ ஒலியோ இல்லையெனில் பழுது முதற்கட்டத்தைச் சார்ந்தது. அதே மின்செருகியில் வேறொரு மின்குமிழைப் பொருத்திப் பார்த்தல், மின்வடத்தை மாற்றிப் பார்த்தல், பின்புறத்திலுள்ள ஆளியைக் கவனித்தல், யூ.பி.எஸ். சாதனத்தைத் தவிர்த்து நேரடியாக இணைத்தல் என்பன முதலில் மேற்கொள்ளப்படல் வேண்டும். பயனில்லையெனில் மின்வடத்தைக் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சில நிமிடங்களின் பின்னர் மீண்டும் இணைத்துப் பார்க்கலாம். பழைய மின்வழங்கிகளில் 115, 230 எனக் குறிக்கப்பட்ட சிவப்பு ஆளி ஒன்று உண்டு. இலங்கையில் அது 230 இலேயே இருக்க வேண்டும். மாற்றினால் மின்வழங்கி எரிந்துபோகும். மின்வழங்கியின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மின்வடத்தைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளிருக்கும் கொள்ளளவிகளில் உயிராபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மின்விசிறி சுழன்றும் திரை இருண்டிருக்குமாயின் பழுது இரண்டாம் கட்டத்தைச் சார்ந்தது. திரையின் வடங்கள் சரியாகவுள்ளனவா எனப் பார்த்த பின்னர், நினைவக அட்டையைக் கவனிக்க வேண்டும். 'பீப்' ஒலி திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாகும். ஒலிகளின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். கரையோரப் பிரதேசங்களின் உப்புக்காற்றும் ஈரப்பதனும் அட்டையின் பொன்னிற முனைகளில் படலத்தை உண்டாக்குகின்றன. மின்வடத்தைக் கழற்றி, கணினியின் வெற்று உலோகப் பகுதியைக் கையால் தொட்டு நிலைமின்னை நீக்கிய பின்னர், அட்டையைக் கழற்றி அதன் முனைகளைப் பென்சில் அழிறப்பரினால் மெதுவாகத் துடைத்து மீண்டும் இறுக்கமாகப் பொருத்தினாலே பல கணினிகள் உயிர்பெறும். இரண்டு அட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தல் நன்று.

தாய்ப்பலகையில் உள்ள சிறு உருளைகளான கொள்ளளவிகளின் உச்சி தட்டையாக இருக்க வேண்டும். அவை வீங்கியோ கசிந்தோ காணப்பட்டால் பழுது அங்கேதான். 2000 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தயாரிக்கப்பட்ட பல பலகைகள் இக்குறைபாட்டினாலேயே செயலிழந்தன. சில நிமிடங்கள் இயங்கிய பின் தானாக அணைந்தால், தூசு அடைந்த விசிறியையும் வெப்பத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

திரையில் ஆங்கில வாசகம் தோன்றி, வன்தட்டைக் காணவில்லை என்ற பொருளில் நின்றுவிட்டால் பழுது மூன்றாம் கட்டத்தைச் சார்ந்தது. பென்ட்ரைவ் அல்லது இறுவட்டு உள்ளே மறக்கப்பட்டிருப்பின் அதனை அகற்றினாலே போதும். திகதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருப்பின், தாய்ப்பலகையிலுள்ள சீ.ஆர்.2032 எனும் நாணய வடிவ 3 வோல்ற் பற்றரி தீர்ந்துவிட்டது என்பதே பொருள். அதனால் வன்தட்டு பற்றிய அமைப்புகளையும் பயோஸ் மறந்துவிடக்கூடும். புதிய பற்றரி பொருத்தி அமைப்புகளைச் சரிசெய்தால் போதுமானது. ஆனால் வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி எழுமாயின் உடனே கணினியை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது எஞ்சியுள்ள தரவுகளையும் அழித்துவிடும்.

விண்டோஸ் இலச்சினை தோன்றிய பின் கணினி மீண்டும் மீண்டும் ஆரம்பிப்பது நான்காம் கட்டப் பழுதாகும். எக்ஸ்.பி., விண்டோஸ் 7 ஆகியவற்றில் தொடக்கத்தில் எஃப் 8 விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையில் நுழையலாம். விண்டோஸ் 10, ஆரம்பம் பலமுறை தடைப்பட்டால் திருத்தும் பகுதியைத் தானாகவே காட்டும். இறுதியாகச் சேர்த்த மென்பொருளை நீக்குவதே அங்கு முதல் வேலை. அதுவும் பயனளிக்காவிடில், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைத்துக் கோப்புகளைப் பிரதியெடுத்த பின்னரே 'போமட்' பற்றிச் சிந்திக்க வேண்டும். திருத்துபவரிடமும் இதனை முன்கூட்டியே வலியுறுத்துவது உரிமையாளரின் கடமையாகும்.

எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 இலும், விண்டோஸ் 7 இற்கானது 2020 இலும், விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியும் முடிவுற்றன என்பதும் கவனிக்கத்தக்கது. எனவே மீண்டும் எழுந்த பழைய கணினியை இணையத்துடன் இணைப்பதாயின், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளுள் இலகுவான ஒன்றை நிறுவிக்கொள்வது பாதுகாப்பானது.

வருமுன் காப்பதே மேலானது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஏற்பட்டது போன்ற மின்தடைகளின் பின் மின்சாரம் திரும்பும் வேளையிலும், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னல் வேளைகளிலும், ஆளியை அணைப்பதுடன் நில்லாது மின்வடத்தையும் இணையத் தொடர்பின் வடத்தையும் கழற்றிவிட வேண்டும். முக்கியமான கோப்புகளின் பிரதியொன்று கணினிக்கு வெளியேயும் இருத்தல் வேண்டும். கணினியை விலை கொடுத்து மீண்டும் வாங்கிவிடலாம். அதனுள் இருப்பவற்றை எந்த விலைக்கும் வாங்க முடியாது.