நகராத கார் சீட்டும் இரண்டு பூட்டுகளும்

போன வாரம் எங்கள் காரின் டிரைவர் சீட் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. எனக்குப் பிரச்சினை இல்லை. மனைவிக்கு பிரேக் முழுசாக எட்டவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டுகிற விஷயமா இது?

சீட்டுக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இரண்டு ரெயில்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளைகள், அவற்றில் விழுந்து பிடிக்கிற ஸ்பிரிங் பூட்டு. முன்பக்கக் கம்பியைத் தூக்கினால் இரண்டு பூட்டும் ஒன்றாக விட வேண்டும். ஒன்று விடாவிட்டாலும் சீட் நகராது. அந்த நேரத்தில் காலால் உதைத்துத் தள்ளினால் கம்பிதான் வளையும்.

அதனால் தள்ளுவதை விட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பியைத் தூக்கும்போது இடது பூட்டு பாதிதான் எழுந்தது. அடியில் ஒரு ரூபாய் நாணயம், சுற்றிலும் மணலும் பிஸ்கட் தூளும். நாணயத்தைக் குறடால் எடுத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, வாக்குவம் போட்டு, கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். கிரீஸை அள்ளிப் பூசினால் அதுவே மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் தொடாதீர்கள். அது பெரும்பாலும் ஏர்பேக் லைன்.

சீட் நகர்ந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அவர் உட்காரும் இடத்துக்குக் கொண்டுவந்து, கம்பியை விட்டு, முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 'டக்' என்று விழுந்திருக்க வேண்டும். விழாவிட்டால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நகராத சீட் தொல்லைதான். ஆனால் சடன் பிரேக்கில் தானாக நகரும் சீட் ஆபத்து.