ஒரே கூரையும் முதியோர் உதவித்தொகையும்

பெற்றோர் முதுமையில் மக்களோடு கூடி வாழ்வது நம் நாட்டு மரபு. இம்மரபே சில வேளைகளில் அரசின் முதியோர் உதவித்தொகைக்குத் தடையாகி விடுகிறது.

மகாராஷ்டிரத்தில் 65 வயது நிறைந்த ஆதரவற்றோர்க்கு ஷ்ராவண்பாள் திட்டத்தின் கீழ் மாத உதவித்தொகை வழங்கப்படுகிறது. கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் சுமந்த புதல்வனின் பெயரையே இத்திட்டம் தாங்கியுள்ளது. 2023ஆம் ஆண்டில் தொகை 1,500 ரூபாயாக உயர்ந்தது. விண்ணப்பிப்போர் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். அன்றேல் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்திருப்பதும் அவசியமாகும்.

இங்குக் கவனிக்கத்தக்கது ‘குடும்பம்’ என்ற சொல். முலுண்டில் ஒற்றை அறை வீட்டில் மகன், மருமகள், இரு பேரக் குழந்தைகளுடன் வாழும் கைம்பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மகனின் மாத ஊதியம் 15,000 ரூபாய் எனில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். வாடகையும் பள்ளிச் செலவும் போக மூதாட்டியின் கைக்கு ஒரு ரூபாயும் வாராதிருக்கலாம். ஆயினும் பட்டியலில் பெயரில்லாத அவர், வருமானக் கணக்கின்படி தகுதியற்றவர். தனிக் குடிசையில் தனியே வாழ்ந்திருப்பின் அக்கணக்கே வேறாகும். 21,000 ரூபாய் என்பது மாதத்திற்கு 1,750 ரூபாய்தான். சம்பாதிப்பவர் ஒருவர் உள்ள வீடு எதுவும் பம்பாய் போன்ற நகரில் இவ்வரம்பிற்குள் அடங்காது.

மத்திய அரசு 1995 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் வேறு வகையில் நோக்கியது. சொந்த வருவாயோ, குடும்பத்தாரின் பண உதவியோ போதிய அளவில் இல்லாதவரே ஆதரவற்றவர் என்று அது கொண்டது. அதாவது, வீட்டிற்கு வந்த பணத்தைவிட முதியவரைச் சென்றடைந்த பணமே முக்கியமாயிற்று. 2007இல் இவ்விதி வறுமைக்கோட்டுக் குடும்பம் என்பதாக மாற்றப்பட்டது. விசாரணை எளிதாயிற்று என்பது உண்மையே. ஆனால் ஒரு வீட்டிற்குள்ளேயே இருக்கும் வறுமை கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

பிற நாடுகளும் இச்சிக்கலைச் சந்தித்துள்ளன. பிரிட்டனில் 1930களில் உடனுறையும் மக்களின் ஊதியத்தையும் சேர்த்தே உதவி கணக்கிடப்பட்டது. அதற்கு அஞ்சிப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறியதும் உண்டு. கடும் எதிர்ப்பிற்குப் பின் 1941இல் அம்முறை கைவிடப்பட்டது. அமெரிக்காவிலோ, பிறர் இல்லத்தில் இலவசமாக உணவும் உறையுளும் பெறும் ஏழை முதியவரின் உதவி மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கப்படும், முற்றிலும் மறுக்கப்படுவதில்லை. நம் நாட்டு விதியினும் இது மென்மையானது எனலாம்.

பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோர 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிடலாம். ஆனால் தங்க இடமளித்த மகன்மீதே மனுச் செய்யத் துணியும் தாயார் அரியர். எஞ்சுவது குடும்ப அட்டையைப் பிரித்துக்கொள்வது ஒன்றே. உண்மையிலேயே அடுப்பு வேறானால் அது முறையானது. காகிதத்தில் மட்டும் பிரிந்தால் அது பொய்ச்சான்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் பொறுப்பு, பத்தடிக்குப் பத்தடி அறையின் வாயிலில் நின்று விசாரிக்கும் அலுவலரிடமே விடப்படுகிறது.