அப்பனுக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லையா?

ஆலைத் தொழிலாளத் தோழரை ஒன்று கேட்கிறோம். நீங்கள் நிற்கும் எந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரிலே ஒரு முதலுதவிப் பெட்டி தொங்குகிறதே, அது முதலாளி போட்ட பிச்சையா? அல்ல. அது சட்டம்! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதை எழுதி வைத்தது. 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பொறுப்பாக முதலுதவி பயின்று சான்று பெற்ற ஓர் ஆள். வேலை நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். 500 பேருக்கு மேல் உழைக்கும் ஆலையானால், தனியாக ஒரு சிகிச்சை அறை, அதற்கென்று மருத்துவர், செவிலியர்.

இந்தப் பிரிவு வானத்திலிருந்து உதிர்ந்து விழவில்லை. பல்சக்கரத்தில் விரலைப் பறிகொடுத்தவனும், கொதிநீரில் வெந்தவனும், அவர்களுக்காகச் சங்கம் அமைத்துச் சிறை சென்றவனும் சேர்ந்து பெற்ற உரிமை அது. சட்டங்கள் மாறும், தொகுப்புகள் வரும், பெயர்கள் புதிதாகும். உழைக்கும் இடத்தில் உயிருக்குக் காவல் வேண்டும் என்ற கொள்கையை மட்டும் எவரும் அசைக்கத் துணிந்ததில்லை.

சரி. காலையில் அந்தத் தொழிலாளி ஆலை வாசலுக்குப் போகுமுன் தன் மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போகிறானே, அந்தப் பள்ளியில் 500 பிள்ளைகள் படிக்கிறார்களே, அங்கே என்ன ஏற்பாடு? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வகுப்பறை உண்டு, கழிப்பறை உண்டு, குடிநீர் உண்டு, சமையற்கூடம் உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு, நூலகம் உண்டு, சுற்றுச்சுவரும் உண்டு. அத்தனையும் வேண்டியவையே, வரவேற்கிறோம். ஆனால் முதலுதவி என்ற சொல்லை அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. எந்திரத்தோடு மல்லுக்கட்டும் முப்பது வயது வாலிபனுக்குப் பெட்டி வேண்டும் என்று உணர்ந்த நாடு, ஓடி விழுந்து முட்டி உடைத்துக்கொள்ளும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டும் என்று எழுத மறந்ததேன்? அப்பனுக்கு உண்டு, பிள்ளைக்கு இல்லையா?

பள்ளிகளில் பெட்டியே கிடையாது என்று நாம் சொல்லவில்லை. பல பள்ளிகளில் இருக்கிறது. எங்கே இருக்கிறது? தலைமையாசிரியர் அறையில், பீரோவுக்குள், பூட்டுக்குள்! சாவி எங்கே? தலைமையாசிரியரின் பையில். தலைமையாசிரியர் எங்கே? கூட்டத்துக்குப் போயிருக்கிறார். பீரோவைத் திறந்தாலோ, உள்ளே காய்ந்துபோன டிங்சர் புட்டி, கெடு கடந்த களிம்பு, மஞ்சளேறிய பஞ்சு. பெட்டிக்கே முதலுதவி தேவைப்படும் நிலை!

பெட்டியைவிடப் பெரிது, அதை எடுத்துப் பயன்படுத்தும் கை. முதலுதவி என்பது பட்டம் பெற்ற மருத்துவருக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. 1877இல் இலண்டனில் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியபோது, அது பாடம் நடத்தியது சாமானியருக்கு. இரயில்வேத் தொழிலாளரும், சுரங்கத் தொழிலாளரும், காவலரும் கற்றுக்கொண்டார்கள். மருத்துவர் வந்து சேருமுன் தோழனின் உயிரைத் தோழனே பிடித்து நிறுத்தக் கற்ற கலை அது. சுரங்கத் தொழிலாளிக்கு வந்த கலை, பள்ளி ஆசிரியருக்கும், சத்துணவு சமைக்கும் தாய்க்கும், பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் வராதா?

வரும். ஆனால் அதற்கு முன்னே நம் மூளையில் குடியிருக்கும் பழைய குப்பையைக் கூட்டித் தள்ளவேண்டும்.

வகுப்பிலே ஒரு பையன் விறைத்து விழுகிறான், கைகால் வெட்டி இழுக்கிறது, வாயிலே நுரை. உடனே என்ன நடக்கிறது? “கொண்டுவா சாவிக்கொத்தை!” என்று ஒரு குரல். இரும்பைக் கையில் திணித்தால் வலிப்பு நிற்குமாம்! நான்கு பேர் காலைப் பிடிக்கிறார்கள், ஒருவர் பல்லுக்கிடையே கரண்டியைச் செருகுகிறார், இன்னொருவர் தண்ணீரை வாயில் ஊற்றுகிறார். மாலையில் பாட்டி வந்து, புளியமரத்துப் பேய் என்று தீர்ப்பளிக்கிறாள்.

பேயுமில்லை, பிசாசுமில்லை. மூளையில் ஓடும் மின் துடிப்பில் ஏற்படும் ஒரு கோளாறு அது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். தானே அடங்குவதால்தான் சாவிக்கொத்துக்குப் பெருமை சேர்ந்தது! சேவல் கூவியதால் பொழுது விடிந்தது என்று சொல்லும் கதை. செய்யவேண்டியது எளிது. பக்கத்திலுள்ள பெஞ்சை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள்; பல் உடையும், மூச்சு அடைக்கும். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் இழுத்தாலோ, உடனே 108ஐ அழையுங்கள். தெளிந்து எழும் பிள்ளையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். அவன் கண் விழிக்கும்போது காணவேண்டியது அச்சம் படர்ந்த ஐம்பது முகங்களை அல்ல, அன்பு காட்டும் ஒரு முகத்தை.

அடுத்து, சர்க்கரை நோய். பணக்காரக் கிழவரின் வியாதி என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பால்மணம் மாறாப் பிள்ளைக்கும் அது வரும். இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, பெற்றவள் செய்த பாவமும் அல்ல. இன்சுலினைச் சுரக்கும் அணுக்களை உடலின் காவற்படையே தவறாகத் தாக்கி அழித்துவிடுவதால் வருவது. ஒரு காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளை பிழைத்ததில்லை. 1922 ஜனவரியில், கனடா நாட்டு டொரான்டோ நகரில், 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. எந்த யாகத்தாலும் ஆகாத காரியத்தை ஓர் ஊசிமுனை செய்தது. அன்றுமுதல் அது சாவுத் தீர்ப்பு அல்ல.

ஆனால் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு ஓர் ஆபத்து உண்டு. உணவு தாமதமானாலோ, விளையாட்டு மிகுந்தாலோ, இரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், கேட்ட கேள்விக்கு விடை வராது. அதைக் காணும் ஆசிரியர், திமிர் என்றோ தூக்கம் என்றோ எண்ணி பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொன்னால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது தண்டனை அல்ல, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை! நினைவிருந்தால் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கவேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துக் கிடத்தி, வண்டியை அழைக்கவேண்டும். சத்துணவுக் கூடத்துச் சர்க்கரை ஓர் உயிரின் விலை பெறும் என்பது தெரிந்த பள்ளிக்கும் தெரியாத பள்ளிக்கும் உள்ள தூரம், வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள தூரம்.

இழுப்பு நோய் உள்ள பிள்ளையின் கதையும் இதுவே. மூச்சு வாங்குகையில் அவனைப் படுக்க வைக்கக்கூடாது, நிமிர்ந்து உட்கார வைக்கவேண்டும், மருந்துப் பம்பு அவன் சட்டைப் பையிலேயே இருக்கவேண்டும். அதைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவைப்பது, நீச்சல் தெரியாதவனின் மிதவையைப் பிடுங்கிக் கரையில் வைப்பதற்குச் சமம்.

பாம்புக்கு வருவோம். 2019 நவம்பரில், கேரளத்து வயநாட்டில், சுல்தான் பத்தேரியில், வகுப்பறைப் பொந்திலிருந்த பாம்பு பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் தீண்டியது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதில் தாமதம் நேர்ந்தது என்று உடன் படித்த பிள்ளைகளே சாட்சி சொன்னார்கள். அந்தச் சிறுமி இறந்தாள். நாடே தலை குனிந்தது. பாம்புக்கடிக்கு மந்திரம் இல்லை. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் தீமையே தரும். கொலுசையும் வளையலையும் கழற்றுங்கள்; கடிபட்ட காலை, முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல மட்டையை வைத்து அசையாமல் நிறுத்துங்கள்; நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். விடமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பாம்பிடமிருந்து எடுத்துத் தருவோர் யார்? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர் மக்கள்! ஊர் ஒதுக்கி வைத்த கைகள்தாம் ஊரின் உயிரைக் காக்கின்றன.

கைகளைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லவேண்டும். முதலுதவி என்பது தொட்டுச் செய்யும் தொண்டு. இரத்தம் வழியும் பிள்ளையைத் தூக்குமுன், இவன் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு நொடி தயங்கும் கை இன்னும் இந்த நாட்டில் இருக்குமானால், அந்தக் கை முதலில் கழுவவேண்டியது அழுக்கை அல்ல, சாதியை. காயத்துக்குக் கோத்திரம் இல்லை. இரத்தத்துக்கு நிறம் ஒன்றே.

நாய் கடித்தால் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் தடவுகிறார்கள். சூடுபட்டால் மையையும் பற்பசையையும் பூசுகிறார்கள். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார்கள். மூன்றும் தவறு. நாய்க்கடியைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு அழைத்துப் போகவேண்டும். 1885இல் பாஸ்டர் அந்த ஊசியால் காப்பாற்றியதும் ஒன்பது வயதுச் சிறுவனைத்தான்; 1907 முதல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் பெயரில் நிலையம் இருக்கிறது. சாம்பார் கொட்டிய கையை இருபது நிமிடம் குழாயடியில் பிடித்தால் போதும். மூக்கில் இரத்தம் வந்தால் முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் அழுத்தவேண்டும். காசு செலவில்லை, கடினமில்லை. தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

“தொட்டுத் தவறிப்போனால் பழி எங்கள் தலையில் அல்லவா விழும்?” என்று ஆசிரியர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். கற்றுத் தராமல் ஒருவரைப் பழிப்பது அறமல்ல. கணக்குக் கற்பிக்கப் பயிற்சி தருகிறவர்கள், உயிர் காக்கவும் பயிற்சி தரட்டும். நல்லெண்ணத்தோடு உதவியவரைக் காக்கும் ஆணையையும் கையில் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் கைகட்டி நிற்பவரைக் கேள்வி கேட்போம்.

பெற்றோரிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. பெண்ணுக்கு வலிப்பு என்று பள்ளியில் சொன்னால் நாளைக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்று மறைக்கிறீர்களே, அம்மா, அந்தப் பெண் மாடிப்படியில் விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்குமே பள்ளி! நோய் வெட்கமல்ல. மறைப்பதே ஆபத்து. நோயின் பெயர், மருந்தின் அளவு, மருத்துவர் எண், வீட்டு எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.

இதைக் கேட்பது பேராசையா? 1920இல், நீதிக்கட்சியினர் பொறுப்பில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்தபோது, பள்ளிக்கூடம் சோற்றுக்கடையா என்று கேலி பேசியவர்கள் பேசத்தான் செய்தார்கள். அது வளர்ந்தது, 1982இல் சத்துணவாயிற்று, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1920களிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வாதாடினார். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்று இந்தியாவுக்குச் சொன்ன மண் இது. பாதுகாப்பற்ற உடலோடும் பாடம் ஏறாது என்பதை இதுவே சொல்லட்டும்!

கழகத் தோழர்களே, தொழிலாள நண்பர்களே! சட்டம் திருந்தும் வரை காத்திருக்கவேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது; அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அது உங்கள் நாற்காலி. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பெட்டி எங்கே என்று கேளுங்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். மருந்தின் கெடு நாளைப் படியுங்கள். நோயுள்ள பிள்ளைகளின் குறிப்பேடு இருக்கிறதா, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருவராவது இருக்கிறார்களா, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண் சுவரில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தீர்மானம் போடுங்கள். ஆலையில் முதலுதவி பயின்ற தோழர் உங்களில் எத்தனையோ பேர்; ஒரு சனிக்கிழமையைப் பள்ளிக்குக் கொடுங்கள்.

சுவரொட்டி ஒட்டத் தெரிந்த கைகளுக்குக் கட்டுப் போடவும் தெரியட்டும். உங்களுக்காக ஆலைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்ட வைத்தார்கள் உங்கள் தந்தையர். உங்கள் பிள்ளைக்காகப் பள்ளிச் சுவரில் ஒன்றை, பூட்டில்லாமல், மாட்ட வைக்கவேண்டியது உங்கள் முறை.