உள்ளே இருப்பது என்ன சரக்கு?

ஹட்டன், நுவரெலியா கடைவீதிகளில் தேயிலைத்தூள் விற்போருக்குக் கலப்படம் பற்றி விளக்கம் தேவையில்லை. கழிவுத் தேயிலை பிடிபட்ட செய்தி மலையகத்துக்குப் புதிதுமல்ல. சந்தேகம் வந்தால் பொதியைப் பிரித்து, ஒரு கோப்பை ஊற்றிக் குடித்துப் பார்க்கலாம். ஆனால் உடலுக்குள் வைத்துத் தைக்கப்படும் பொருளை எந்த வாடிக்கையாளர் பிரித்துப் பார்ப்பார்?

ஆண்களின் மார்பில் பொருத்தப்படும் சிலிக்கன் இன்று ஓர் உலக வியாபாரம். இதை நாடுவோர் இரு சாரார். பிறவியிலேயே ஒரு பக்க மார்புத் தசை இல்லாதவர்களும் விபத்தில் அதை இழந்தவர்களும் ஒரு சாரார். இப்பிறவிக் குறையை 1841இல் இலண்டனில் விவரித்த அல்பிரட் போலண்டின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அகன்ற மார்புக்கு ஆசைப்படுவோர் மறு சாரார்.

போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்த, அது துர்நாற்றம் வீசியது. தங்கத்தில் பொருத்திக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். குறையைச் சீர்செய்வது வேறு, அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு என உலமாக்கள் பிரித்துக் காட்டுவது இத்தகைய ஆதாரங்களைக் கொண்டே.

ஆண்களுக்கான சிலிக்கன் கெட்டியானது, கசியாது. பெண்களுக்கானதில் கூழ் இருக்கும். அந்தக் கூழில்தான் மோசடி நடந்தது. 1991இல் பிரான்சில் தொடங்கிய பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத் தரச் சிலிக்கனுக்குப் பதிலாகப் பன்மடங்கு மலிவான தொழிற்சாலைச் சிலிக்கனை நிரப்பியது. பரிசோதகர்கள் வரும் நாளில் அது மறைக்கப்பட்டது. தரச் சான்றிதழும் கையில் இருந்தது! 2010இல் குட்டு வெளிப்பட்டபோது, உலகெங்கும் சுமார் மூன்று இலட்சம் பெண்களின் உடலில் அந்நிறுவனத்தின் சரக்கு இருந்தது. நிறுவனம் மூடப்பட்டது. 2013இல் அதன் நிறுவுனருக்கு நான்கு ஆண்டு சிறை. மிச்சம் பிடித்த காசு எங்கே போனது?

நமது நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, மருத்துவச் சாதனங்களை இறக்குமதி செய்யத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவும் அனுமதிப் பத்திரமும் வேண்டும். பயணப் பொதியில் கொண்டுவந்து விற்கும் சரக்கல்ல இது. தரகுக்கு ஆசைப்பட்டு நோயாளியை எங்கேனும் அனுப்பிவைப்பவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தயாரிப்பாளர் யார், தொகுதி இலக்கம் என்ன என்று முதலில் கேளுங்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைத்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்துக் கண்டித்த சம்பவம் நாமறிந்ததே. வாடிக்கையாளரின் கை எட்டாத இடத்தில்தான் வியாபாரியின் ஈமான் சோதிக்கப்படுகிறது.